உங்கள் பேர் போட்ட மணி

இன்று காலை கடையின் பின்னறையில் ஓர் ஆறுமணிக்குருவி விழுந்து கிடந்தது. கராம்புச் சாக்குக்கும் சுவருக்கும் நடுவில் ஏதோ அசைவது போலிருக்க, எலி என்று நினைத்து நான் விளக்குமாற்றைத் தேடினேன். குனிந்து பார்த்தால் பச்சை முதுகு. இறக்கையில் ஒரு துண்டு நீலம், குட்டை வாலுக்கு அடியில் வெற்றிலை போட்ட வாய் போலச் சிவப்பு. கண் திறந்திருந்தது, ஓடத்தான் தெம்பில்லை. ஐப்பசி பிறந்தால் இது நடக்கிற விஷயம்தானே. கடலைத் தாண்டி வந்த களைப்பில், திறந்து கிடக்கிற இடத்திலெல்லாம் புகுந்து விழும். கையில் எடுத்தேன். அதன் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகம் என் விரல்வரை வந்தது.

மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "ஒங்க டிரைவர் இருந்திருந்தா இந்நேரம் லொறிய நடுரோட்டுல விட்டுட்டு ஓடி வந்திருப்பாரு" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, சொல்லியிருக்க வேண்டாமென்று. உள்ளே போய் ஒரு பழைய மிளகுக் கூடையைக் கொண்டுவந்து கொடுத்தாள். குருவியை அதற்குள் வைத்துச் சாக்கால் மூடினேன். அதன் பிறகு நாள் முழுக்க வியாபாரத்தில் மனம் போகவில்லை. ஏலம் கேட்டு வந்தவருக்கு மிளகை நிறுத்துக் கொடுத்தேன்.

இதை உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல வழியில்லை. எழுதுகிறேன். நீங்கள் படிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதுகிற அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் பறவை பார்க்கத் தொடங்கியது பறவை பார்ப்பதற்காக இல்லை. உங்கள் லொறியின் ரேடியேட்டர் கொதித்ததால்தான். நீங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்கு விறகு ஏற்றத் தம்புள்ளைப் பக்கம் போவீர்கள். காடழித்துப் பயிர் செய்கிற சேனைக்காரர்களிடம் எள்ளும் செத்தல் மிளகாயும் வாங்க நான் உங்களுடன் தொற்றிக்கொள்வேன். அந்த லொறி மாத்தளையிலிருந்து தம்புள்ளை போவதற்குள் இரண்டு தரமாவது புகைவிடும். அப்படியொரு நாள் தம்புள்ளையைத் தாண்டி, பெரிய ரோட்டிலிருந்து உள்ளே போகிற மண்பாதையில் தண்ணீர் தேடி நடந்தோம். மரங்களுக்குப் பின்னால் அந்தக் குளம் கிடந்தது. நீங்கள் வாளியை முக்கினீர்கள். எதிர்க்கரை முழுக்க எழுந்து பறந்தது. வாளியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றீர்கள். "நானா, இதெல்லாம் இவ்வளவு நாளா இங்கயா இருந்திச்சு" என்று கேட்டீர்கள், ஏதோ நான் ஒளித்து வைத்திருந்தது போல.

என்னை நானா என்றுதான் கூப்பிடுவீர்கள். நம் இரண்டு பேருக்கும் வயது ஏறக்குறைய ஒன்று. அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டே என்னைக் கிழவனாக்கியது நீங்கள்தான். நான் உங்களை டிரைவர் என்பேன். ஊரில் எத்தனையோ டிரைவர்மார் இருந்தார்கள். அந்தப் பேரைச் சொன்னால் என் வீட்டில் உங்களைத்தான் தெரியும்.

தூரக்கண்ணாடி பிறகு வந்தது. உங்கள் தோட்டத்துத் துரை கப்பலேறிச் சீமைக்குப் போனபோது, கொழும்புத் துறைமுகம்வரை அவரைக் கொண்டுபோய் விட்டது நீங்கள். சாமான் இறக்கும்போது அந்தக் கண்ணாடி கீழே விழுந்து ஒரு பக்கத்து வில்லை நொறுங்கிவிட்டது. துரை அதை எடுத்துப் பார்த்தார், உங்கள் கையில் கொடுத்தார், போய்விட்டார். நீங்கள் அதை எவ்வளவோ காலம் வெகுமதி என்று சொல்லித் திரிந்தீர்கள். உடைந்ததைத் தள்ளிவிட்டுப் போன மனுஷன் என்று நான் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும்.

அந்த ஒற்றைக் கண்ணாடியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும், அதுவும் ஒரு கண்ணால். அதற்கு நாம் ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். பார்க்கிறவர் பார்த்ததை வாயால் சொல்ல வேண்டும். மற்றவர் நம்ப வேண்டும். பறவை பறந்ததும் கண்ணாடி கை மாறும். இந்தச் சட்டத்தை நீங்கள் ஒருநாளும் ஒழுங்காகக் காப்பாற்றவில்லை. பறவை பறந்து அடுத்த மரத்தில் உட்கார்ந்தால், அது பறந்ததில்லை, இடம் மாறியது என்பீர்கள்.

பேர்களும் நாமே வைத்தவைதான். நமக்கு யார் சொல்லித் தரப் போகிறார்கள்? கரையோரம் ஓடி ஓடி எல்லாரையும் அதட்டுகிற ஆள்காட்டிக்குக் கங்காணி என்று பேர். ஒற்றைக் காலில் நின்று எதையும் செய்யாமல் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்கிற சாம்பல் நாரை, சின்னத்துரை. தாமரை இலைமேல் கால் நனையாமல் நடக்கிற இலைக்கோழிக்கு மட்டும் நீங்கள் என் மனைவியின் பேரை வைத்தீர்கள். மழைக்காலத்தில் முற்றத்துச் செங்கல்மேல் அவள் கால் வைத்து நடப்பதைப் பார்த்துவிட்டு வைத்தது. இன்றுவரை அவளுக்கு அது தெரியாது.

குளமும் அதைச் சுற்றிய காடும் வெடி வைக்கக் கூடாத இடம். காவலுக்கு ஒரு சிங்களப் பெரியவர் இருந்தார், வாச்சர் மாத்தயா. அந்த இடத்தை அவர் அபயபூமி என்று சொல்வார், பயமில்லாத நிலம் என்று. முதலில் நம்மை முட்டை திருட வந்தவர்கள் என்று சந்தேகித்தார். பிறகு பைத்தியங்கள் என்று தெளிந்து, குடிசைக்குப் பக்கத்தில் உட்கார இடம் கொடுத்தார். நான் கொண்டுபோகிற பணிஸ் ரொட்டியும் நீங்கள் கொண்டுபோகிற தோட்டத்துத் தேயிலையும் அவருக்கு அனுமதிச் சீட்டு. விடியுமுன் போய்ச் சேர்ந்துவிட்டால் நான் குளக்கட்டில் துண்டை விரித்துச் சுபஹ் தொழுவேன். தொழுது முடிக்கும்வரை நீங்கள் இருமக்கூட மாட்டீர்கள். ஒருநாள் நான் சலாம் கொடுத்து முடிப்பதற்குள் ஒரு பெரிய கழுகு தலைக்கு மேலே போயிருக்கிறது. நீங்கள் வாய் திறக்கவில்லை. பிறகு அதைச் சொல்லிச் சொல்லி என்னை அழ வைத்தீர்கள்.

எல்லா வருடமும் ஒன்றாகக் கலந்துவிட்டது. ஒரு பங்குனிக் காலை மட்டும் கலக்கவில்லை.

அந்த முறை நீங்கள்தான் என்னை வரச் சொன்னீர்கள். ஊசிவால் வாத்துகள் கிளம்பும் நேரம், போனால் இந்த வாரம் போக வேண்டும் என்று கடைக்கே வந்து சொன்னீர்கள். புதுச்சட்டை போட்டிருந்தீர்கள். முகமெல்லாம் சிரிப்பு. என்ன விசேஷம் என்று கேட்டதற்குக் குளத்துக்கு வாங்க, சொல்றேன் என்றீர்கள்.

எனக்குத் தெரியும், என்னவாக இருக்குமென்று. கச்சேரியில், அந்த அரசாங்க ஆபீசில், உங்களை விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நீங்கள் பிறந்தது மாத்தளையில். உங்கள் அப்பா தேயிலைக் கன்று நட்ட மலையில் உங்கள் மகள் கொழுந்து கிள்ளினாள். ஆனாலும் நீங்கள் இந்த நாட்டுக்காரர் என்று எழுதித் தர ஒருவருமில்லை. பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது மனுப் போட்டீர்கள், வருடக்கணக்காகக் காத்திருந்தீர்கள். அது கிடைத்தால் யட்டவத்த ரோட்டோரத்தில் என் மைத்துனரின் காணியில் ஒரு துண்டு வாங்கி வீடு கட்டுவதாக இருந்தது. ஒரு பலா மரம் நிற்கிற துண்டு. நீங்கள் அந்தப் பலாவைச் சுற்றி நடந்து, எந்தக் கிளையில் எந்தக் குருவி வரும் என்றுகூடச் சொல்லிவிட்டீர்கள். தோட்டத்து வீட்டில் ஓர் ஆணி அடிக்கவும் ஆபீசில் கேட்க வேண்டும் என்பது உங்களுக்கு எவ்வளவு உறுத்தியது என்று எனக்குத் தெரியும். அந்த மனுவில்தான் உங்கள் உயிர் இருந்தது.

குளத்தில் அன்று பனி இருந்தது. கட்டின் ஓரத்து முள்முருக்கில் இலையே இல்லை, பூ மட்டும். வாத்துகள் நடுத்தண்ணீரில் கூட்டமாகக் கிடந்தன. ஒன்று கழுத்தை நீட்டினால் எல்லாம் நீட்டும். பிறகு அடங்கிவிடும். நீங்கள் கண்ணாடியை எடுக்கவேயில்லை. பிளேன்டீயை ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டு விசாரணைக் கதையைத் தொடங்கினீர்கள்.

அதிகாரி மரியாதையான மனுஷனாம். உட்காரச் சொன்னாராம். அதைச் சொல்லும்போதே உங்கள் குரல் மாறியது. பிறந்த சான்றிதழைக் காட்டினீர்கள், லைசன்ஸைக் காட்டினீர்கள், தோட்டத்துக் கடிதத்தைக் காட்டினீர்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவர் பேசாமல் இருந்தாராம். உங்களை ஒன்றுமில்லாத கூலி ஆள் என்று நினைத்துவிடுவாரோ என்று உங்களுக்குப் பயம் வந்துவிட்டதாம். அதனால் சட்டைப்பையிலிருந்து போட்டோவை எடுத்துக் கொடுத்தீர்களாம்.

அந்தப் போட்டோ எனக்குத் தெரியும். உங்கள் லொறியில் ஏறியவர்கள் எல்லாருக்கும் தெரியும். உங்கள் அப்பாவின் அஸ்தியை இராமேஸ்வரத்தில் கரைக்கப் போனபோது, அவர் பிறந்த ஊருக்கும் போய் அங்கே அம்மன் கோயிலில் ஒரு மணி கட்டிவிட்டு வந்தீர்கள். சாகும்வரை அவர் கேட்டது அந்த ஒன்றைத்தான். தோட்டத்தில் கொஞ்சம் தலை நிமிர்ந்தவர்கள் எல்லாரும் செய்வதும் அதுதானே, அப்பனோ பாட்டனோ விட்டுவந்த ஊர்க் கோயிலுக்கு ஒரு உபயம். மணியில் எழுத்து வெட்டியிருந்தது: இலங்கை, மாத்தளை, உங்கள் பேர், உபயம். அதன் பக்கத்தில் மாலையும் கழுத்துமாக நீங்கள்.

"நம்ம நல்ல குடும்பத்து ஆளுன்னு அவருக்குத் தெரியணும்ல நானா. சும்மா காட்டுல இருந்து வந்தவன் இல்லேன்னு" என்றீர்கள்.

அதிகாரி போட்டோவை நன்றாகப் பார்த்தாராம். யார் காசில் செய்தது என்று கேட்டாராம். என் சொந்தக் காசு, வருஷக்கணக்காச் சேர்த்தது என்று சொன்னீர்களாம். திரும்பப் போவீர்களா என்று கேட்டாராம். அம்மன் கூப்பிட்டா போகாமல் இருக்க முடியுமா ஐயா என்று சொன்னீர்களாம். நல்ல காரியம் என்று சொல்லிச் சிரித்தாராம்.

நான் வியாபாரி. விலையே கேட்காமல் சாம்பிளை மட்டும் மடித்து எடுத்துக்கொள்கிற ஆள் சரக்கு வாங்க வந்தவன் இல்லை என்று எனக்குத் தெரியும். டீ கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"போட்டோவ திருப்பித் தந்தாரா?" என்று கேட்டேன்.

"இல்ல. பைலோட வச்சுக்கிட்டாரு. சந்தோசமா வாங்கி வச்சுக்கிட்டாரு."

"அத ஏன் டிரைவர் குடுத்தீங்க" என்று கேட்டேன்.

வேறு விதமாகக் கேட்டிருக்கலாம். கேட்காமலும் இருந்திருக்கலாம். எப்படியும் ஒரு கடிதம் வந்து உங்களுக்கு அதைச் சொல்லத்தான் போகிறது. ஆனால் என் வாயில் வந்தது அப்படித்தான். நீங்கள் சிரித்த முகத்தோடேயே என்னைப் பார்த்தீர்கள். சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்தில் நின்றது. நீங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய்ப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது: அவர் கேட்டது, நீங்கள் சொன்னது, அவர் சிரித்தது. பிறகு டீக் கோப்பையை மண்ணில் வைத்தீர்கள். அது சாய்ந்து கொட்டியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

"அங்க நமக்கு வேர் இருக்குன்னு நெனச்சிக்கிட்டாரு, இல்லையா" என்று மெதுவாகக் கேட்டீர்கள்.

உங்களை அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. எத்தனை தரம் லொறி பள்ளத்தில் இறங்கியிருக்கிறது, எத்தனை தரம் உங்கள் துரைமார் உங்களை நாயைப் போலப் பேசியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் ஒரு பகிடி சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துவிடுவீர்கள். அன்று உங்கள் கையில் பிடிக்க ஒன்றுமில்லை.

அந்த நேரத்தில்தான் நமக்குப் பின்னால் காட்டுக்குள் ஆறுமணிக்குருவி கத்தியது. இரண்டு விசில், ஒரு இடைவெளி, மறுபடி இரண்டு விசில். வாச்சர் மாத்தயா குடிசையிலிருந்து வந்து உட்கார்ந்தார். நம் முகத்தைப் பார்த்தாரா, கேட்க வேண்டாம் என்று நினைத்தாரா, தெரியாது. அந்தக் குருவியின் கதையைச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். அவர்கள் அதை அவிச்சியா என்பார்கள். முன்னொரு காலத்தில் அதற்குத்தான் நீளமான அழகுத் தோகை இருந்ததாம். மயில் ஒரு கல்யாணத்துக்குப் போக அதை இரவல் வாங்கியதாம். திருப்பிக் கொடுக்கவே இல்லை. அன்றிலிருந்து குட்டை வாலோடு காலையும் மாலையும் கத்துகிறதாம். அடுத்த புத்தர் வந்ததும் அவரிடம் முறையிட்டு நியாயம் கேட்கக் காத்திருக்கிறதாம்.

நீங்கள் என் பக்கம் சாய்ந்தீர்கள். பிறகு தமிழில், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னீர்கள்.

"அந்தக் குருவிய, விசாரணைக்குப் போறப்ப போட்டோ ஒண்ணும் கொண்டு போகாம இருக்கச் சொல்லுங்க."

நான் சிரித்துவிட்டேன். நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது உங்கள் கண்ணில் தண்ணீர் வந்தது, தலைத்துண்டால் துடைத்துக்கொண்டீர்கள். வாச்சர் மாத்தயா கதை நன்றாக இருந்ததென்று நினைத்து அவரும் சிரித்தார். வாத்துகள் அப்போதுதான் எழுந்தன. கூட்டம் முழுக்க ஒரு தரம் குளத்தைச் சுற்றி, நம் தலைக்கு மேலே வந்து, வடக்கே திரும்பிப் போனது. கண்ணாடி நமக்கு நடுவில் புல்லில் கிடந்தது. இரண்டு பேரில் ஒருவரும் அதை எடுக்கவில்லை.

கடிதம் வந்தது. இந்தியாவில் நிலையான தொடர்பு உள்ளவர் என்று எழுதி, மனுவைத் தள்ளியிருந்தார்கள். நீங்கள் மேல்மனுப் போட்டீர்கள், அதுவும் போனது. பிறகு இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். நான் சாக்குப் பிரிக்கிறவன், எனக்கு அந்தப் பேச்சு புரிந்தது. நீங்கள் அந்தப் பக்கத்துச் சாக்கில் விழுந்தீர்கள். இடைப்பட்ட வருடங்களிலும் நாம் குளத்துக்குப் போனோம். ஆனால் நீங்கள் பேர் வைப்பதை நிறுத்திவிட்டீர்கள். புதிதாக ஒரு பறவை வந்தாலும் பார்த்துவிட்டுக் கண்ணாடியை என்னிடம் தந்துவிடுவீர்கள். பறந்ததா இடம் மாறியதா என்று சண்டை பிடிக்க மாட்டீர்கள். நீங்கள் சண்டை பிடிக்காதது எனக்கு எவ்வளவு வலித்தது தெரியுமா?

மைத்துனர் அந்தப் பலா மரத்துக் காணியை உங்களுக்காக வைத்துக்கொண்டு பொறுத்துத்தான் பார்த்தார். கடைசியில் விற்றுவிட்டார். வாங்கியவர் பலாவைத் தறித்துப் பலகையாக்கினார்.

மாத்தளை ஸ்டேஷனில் உங்களை ஏற்றிவிட்ட நாளைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதித்தான் தீர வேண்டுமென்றால் இவ்வளவுதான்: பிளாட்பாரம் முழுக்க அழுகை, தகரப் பெட்டிகள், கழுத்தைக் கட்டிக்கொண்டு விடாத பெண்கள். உங்கள் மனைவி ரயிலுக்குள். மகள் வெளியே. அவள் கட்டிக்கொண்டவனுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை இருந்தது, அதனால் அவள் இங்கேயே இருந்தாள். நீங்கள் துணியில் சுற்றிய கண்ணாடியை என்னிடம் நீட்டினீர்கள். தலைமன்னாரில் கஸ்டம்ஸ்காரன் பிடுங்கிக்கொள்வான், உங்களிடமே இருக்கட்டும் என்றீர்கள். எனக்குத் தெரியும், உடைந்த கண்ணாடியை எவனும் பிடுங்க மாட்டான். வாங்கிக்கொண்டேன்.

"பங்குனியில போங்க நானா. போகாம இருந்துறாதீங்க."

போனேன், ஒரே ஒரு தரம். பஸ்ஸில் போய் இறங்கி நடந்தேன். வாச்சர் மாத்தயா இருந்த குடிசையில் வேறொருவர் இருந்தார். வாத்துகள் இருந்தன, கங்காணி இருந்தார், சின்னத்துரை இருந்தார். கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வாய் தானாகச் சொல்லத் தொடங்கியது, இடது பக்கம், அந்தப் பட்டமரத்துக்குக் கீழே என்று. பக்கத்தில் கேட்க ஆளில்லை. அந்த உடைந்த கண்ணாடிக்கு இரண்டு பேர் வேண்டும். நான் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதன் பிறகு போகவில்லை.

பறவைக்கு எல்லை இல்லை, வானம் எல்லாருக்கும் பொது என்று ரேடியோவில் யாராவது குழைந்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. இவர்கள் ஒருத்தரும் ஐப்பசியில் ஒரு குருவியைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. எலும்பும் தோலுமாக வந்து விழுகிறது. வந்து விழுந்தவைதான் நமக்குத் தெரியும். கடலில் விழுந்தவற்றை யார் பார்த்தார்கள்?

நீங்கள் அந்த ஊருக்குத்தான் போனீர்கள், மணி கட்டிய ஊருக்கு. போக வேறெங்கே இருந்தது? அங்கே உங்களைச் சிலோன்காரர் என்று கூப்பிட்டார்களாம். உங்கள் லைசன்ஸ் அங்கே செல்லவில்லை. மலைப்பாதையில் லொறி ஓட்டிய நீங்கள் யாரோ ஒருவனுடைய லொறிக்குச் செங்கல் ஏற்றுகிற வேலைக்குப் போனீர்களாம். இதெல்லாம் உங்கள் மகள் சொல்லித் தெரிந்தது, எனக்கு எழுதியதில் இல்லை. வயல் பக்கம் கொக்கு நிறைய இருக்கிறது, ஆறுமணிக்குருவி கத்துவதைக் கேட்கவில்லை, அது அங்கேதான் எங்கேயோ இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தீர்கள்.

போன வருடம் உங்கள் மகள் கடைக்கு வந்தாள். சந்தைப் பை கையில் இருந்தது, அதில் ஒன்றும் வாங்கிப் போட்டிருக்கவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அப்பா போயிட்டாங்க மாமா என்றாள். அம்மா எழுதியிருந்தார்களாம். நெஞ்சுவலி, விடியற்காலை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே முடிந்துவிட்டது. சொல்லிவிட்டுப் போகாமல் நின்றாள். இன்னும் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கமாம். ஊர்க்காரர் யார் இறந்தாலும், பிரேதத்தை எடுக்கும்வரை கோயில் கதவைத் திறக்க மாட்டார்கள். பூசை இல்லை, மணி இல்லை. உங்கள் பிரேதத்தை எடுக்க மறுநாளாகிவிட்டது, உங்கள் மனைவியின் தம்பி, சிலோனிலிருந்து போனவர்களை வைத்திருக்கிற முகாமிலிருந்து வந்து சேர வேண்டியிருந்ததால். அதற்குள் சாயங்காலம் வந்தது. கோயிலை அடைக்கச் சொல்லி உங்கள் மனைவி கோயில் பெரியவரிடம் ஆளனுப்பியிருக்கிறார். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, கோயிலுக்கு வரி கொடுக்கிற குடும்பத்துக்குத்தான் அடைக்கிறது வழக்கம், சிலோன்காரர் வரியில் இல்லையே, இருந்தாலும் நல்ல மனுஷன் என்றாராம்.

"ஆறு மணிக்கு பூசைக்கு அடிச்சாங்களாம் மாமா. அப்பா வாசல்ல கெடந்தாங்க. அப்பா பேர் போட்ட மணியத்தான் அடிச்சாங்களாம்."

அந்த மணியால் நீங்கள் அந்த ஊர்க்காரர் என்று இங்கே எழுதினார்கள். அந்த மணியை அடித்து நீங்கள் அந்த ஊர்க்காரர் இல்லை என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அதைத் தாண்டி எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. உங்களுக்காக யாரிடம் போய் முறையிடுவது? அவிச்சியாவுக்காவது வரப்போகிற ஒரு புத்தர் இருக்கிறார்.

மகள் போனாள். பிறகு கடையின் பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். நம் தெருவில் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனால் செய்வது உங்களுக்குத் தெரியும்தானே, பாதிப் பலகை போட்டுவிட்டு எல்லாரும் வெளியே வந்து நிற்பார்கள். நான் பாதியோடு நிறுத்தவில்லை, முழுவதும் போட்டேன். சந்தை நாள், வியாபாரம் நடக்கிற நேரம். வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். எதிர்க்கடை முதலாளி தெருவைத் தாண்டி ஓடி வந்தார். "யாருக்கு மௌத்து?" என்று கேட்டார்.

"எங்க ஊரு ஆள் ஒருத்தர்" என்றேன்.

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டார். எடுத்தாகிவிட்டது என்று சொன்னேன். அவரும் என் பக்கத்தில் நின்றார். பிறகு பலகைகளை எடுத்துவிட்டு வியாபாரத்தைப் பார்த்தேன். அதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. நீங்கள் அப்போது அங்கே மண்ணுக்குள்.

சற்று முன் மஃரிபு தொழுகைக்குப் போகுமுன் கூடையைத் திறந்து பார்த்தேன். குருவி தெளிந்து எழுந்து நிற்கிறது. நாளைக் காலை பின்பக்கத்து மாமரத்தடியில் விட்டுவிடுவேன். பங்குனிவரை இங்கேயே இருக்கும், நாள் தவறாமல் ஆறு மணிக்குக் கத்தும். உங்கள் மகள் வந்து போன நாளிலிருந்து, அந்த நேரம் வந்தால் நான் தராசை விட்டுக் கையை எடுத்துவிடுகிறேன். முன்னால் நிற்கிறவர்கள் அவசரப்படுவார்கள். அந்தக் கோயில் பூசை முடிகிற நேரம்வரை நான் ஒன்றும் நிறுப்பதில்லை.